வால் முளைத்த வார்த்தைகள்

என்மேல் வெள்ளைக்காரப் பேய் ஏறியிருக்கிறது என்று முதலில் சொன்னவள் என் மாமியார் முனியம்மாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். அவள் காதில் விழுந்தது உங்கள் காதில் விழுந்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள். நான் உரலில் கேப்பை இடித்துக்கொண்டிருந்தேன். உலக்கை விழுகிற தாளத்துக்கு என் வாய் தன்பாட்டுக்கு, கெட் அப், கெட் டவுன், கெட் இன், கெட் அவுட் என்று ஓடிக்கொண்டிருந்தது. கிளியனூரில் மல்லாட்டைக் காட்டிலேயே பிறந்து, கடலை பிடுங்கி வளர்ந்தவள், கைநாட்டு, அவள் வாயில் இங்கிலீஷ் வந்தால் கிழவி வேறென்ன நினைப்பாள்? குறை சொல்லவேண்டிய ஆள் உள்ளே நின்று சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

அவன் என் புருஷன். பெயர் சுப்பராயலு. நேரில் பேசும்போது வாங்க, போங்க என்று மரியாதையாகத்தான் பேசுவேன். ஆனால் இது நான் சொல்லுகிற கதை. இதில் அவனுக்கு இந்த மரியாதையே அதிகம்.

அவன் விழுப்புரம் ரயிலடியில் கூட்ஸ் குமாஸ்தா. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துக் கரும்புக்காரர் வீட்டுப் பிள்ளை, பத்தாவது பாஸ் செய்தவன், ஊரிலேயே முதல் ஆள். அவனுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்று ஊர் நினைத்தது. அவனும் நினைத்தான். ஆபீஸில் இருந்த வெள்ளைக்காரத் துரை மட்டும் நினைக்கவில்லை. பக்கத்து மேஜைக்காரன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொல்லுவான். இவன் புத்தகத்தில் இருக்கிற நீளநீளமான வார்த்தைகளாக எடுத்து எழுதிக்கொண்டு போய் நிற்பானாம். துரை அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, என் பாட்டி செத்தபோது பாதிரியார் கூட இப்படிப் பேசவில்லை என்பாராம். பிறகு சின்னச் சின்ன வார்த்தைகளில் திட்டுவாராம். ஷட் அப். கெட் அவுட். கம் பேக். சிட் டவுன். ஸ்டாண்ட் அப். துரை ஸ்டாண்ட் அப் என்று சொல்லி முடிக்கும் முன்னால் இவன் எழுந்து நின்றிருப்பானாம்.

அப்போதுதான் அவனுக்கு ஒரு ஞானம் பிறந்தது. வெள்ளைக்காரன் வீட்டில் பேசுகிற இங்கிலீஷ் வேறு, புத்தகத்து இங்கிலீஷ் வேறு என்று கண்டுபிடித்தான். ஒருநாள் சாப்பிடும்போது எனக்கே பாடம் நடத்தினான்.

"கெட், புட், டேக், லுக், கோ. அம்புட்டுதான்டி அவங்க வச்சிருக்கிறது. எல்லாம் துண்டு வார்த்தை. அதுக்குப் பின்னால ஒரு வாலு ஒட்டுவாங்க. வாலு மாறினா அர்த்தமே மாறிப்பூடும். லுக் ஆஃப்டர்னா பாத்துக்கோ. லுக் ஃபார்னா தேடு. லுக் டவுன் ஆன்னா, கேவலமா நெனைக்கிறது."

"நமக்கும் அப்படித்தானேங்க? வந்து தொலை, தின்னு தொலைன்னு அத்தை சொல்லும். வான்னா ஒண்ணு, வந்து தொலைன்னா வேற ஒண்ணு இல்லீங்களா?" என்றேன்.

தட்டில் இருந்த களியை என் முகத்தில் எறிந்தான். "ஷட் அப்! அதும் இதும் ஒண்ணாடி?" என்றான். கோபம் வந்தால் அவன் வாயில் இங்கிலீஷ்தான் வரும். பயம் வந்தாலும் அதுதான். துரையிடம் வாங்கினதைச் சூடு ஆறாமல் கொண்டுவந்து என் தலையில் கொட்டுவான். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி களி வைத்தேன்.

அந்த வருஷம் இங்கிலாந்து ராஜா பட்டத்துக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆன ஜூபிலி. ஊரெல்லாம் கொடி, ரயிலடியில் தோரணம். துரைசானி தன் பங்களாவில் ஆபீஸ்காரர் பெண்டாட்டிகளுக்கெல்லாம் டீ கொடுக்கப்போகிறாள் என்று சேதி வந்தது. ஹெட் கிளார்க் வேலை ஒன்று காலியாக இருந்தது. பெண்டாட்டி துரைசானியிடம் நல்லபடியாக நடந்துகொண்டால் புருஷனுக்கு அந்த வேலை என்று எந்தப் பாவி கிளப்பிவிட்டானோ தெரியாது. என் தலையில் வந்து விடிந்தது.

விடிவதற்கு முன்னால் எழுப்புவான். கையில் ஆபீஸிலிருந்து கொண்டுவந்த ரூல்தடி. "கெட் அப்" என்பான், எழுந்திருக்கவேண்டும். "சிட் டவுன்" என்பான், உட்காரவேண்டும். "பிக் அப்" என்றால் கீழே கிடக்கும் சொம்பை எடுக்கவேண்டும், "புட் டவுன்" என்றால் வைக்கவேண்டும். "டேக் அவே" என்றால் எடுத்துக்கொண்டு போகவேண்டும், "பிரிங் இன்" என்றால் உள்ளே கொண்டுவரவேண்டும். "ஹரி அப்" என்றால் ஓடவேண்டும். செய்துகொண்டே வாயாலும் சொல்லவேண்டும். யோசித்தால் முட்டியில் ரூல்தடி விழும். தப்பாகச் செய்தால் கணுக்காலில் விழும். மாட்டை ஏரில் பழக்குகிறவன்கூட நடுவில் தண்ணீர் காட்டுவான். இவன் காட்டமாட்டான்.

பழகிக்கொண்டேன். அடிக்குப் பயந்து பழகினது உடம்பில் எப்படி ஊறும் என்று பட்டவர்களுக்குத் தெரியும். கடைசியில் வார்த்தை காதில் விழுந்ததும் என் கை யாரையும் கேட்காமல் போய்விடும். அவன் சந்தோஷப்பட்டான். "இப்பத்தான்டி நீ மனுஷி" என்றான்.

டீ அன்றைக்குக் கத்தரிப்பூக் கலர் புடவை கட்டிக்கொண்டு போனேன். துரைசானி வாசலில் நின்று, "கம் இன்" என்றாள். உள்ளே போனேன். "சிட் டவுன்" என்றாள். உட்கார்ந்தேன். மற்றப் பெண்டுகள் புரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, பொய் சொல்லமாட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஆபீஸ்காரர்களோடு அவன் நின்றுகொண்டு எட்டிப் பார்த்தான்.

அப்புறம் துரைசானி தன் ஆயாவைப் பார்த்து, "டேக் அவே" என்றாள். என் கை போய்விட்டது. தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். ஆயா முழிக்கிறாள். "புட் டவுன்" என்று துரைசானி பதறினாள். வைத்தேன். ஒரு கரண்டி கீழே விழுந்தது. "பிக் அப்" என்று ஆயாவுக்குச் சொன்னாள். நான் மண்டி போட்டு எடுத்தேன். உள்ளேயிருந்து கேக்கைக் கொண்டுவரச் சொன்னாள், "பிரிங் இன்" என்று. நான் போய்க் கொண்டுவந்தேன். "ஹரி அப்" என்று யாருக்கோ சொன்னாள். ஐயோ, நான் ஓடினேன். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அந்தப் புல்தரையில் ஓடினேன். உட்காரு, உட்காரு என்று மனசு கத்துகிறது, கணுக்கால் கேட்கவில்லை.

பெண்டுகள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். துரைசானி என் கன்னத்தைத் தட்டி, ஒரு பிஸ்கட்டை உள்ளங்கையில் வைத்து, இது யார் வீட்டு ஆயா, கெட்டிக்காரியாக இருக்கிறாளே என்று பட்லரைக் கேட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் முதலில் ஒருவன் சிரித்தான், அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். நான் என் புருஷனைப் பார்த்தேன். அவன் முகம் செத்திருந்தது.

மறுநாளிலிருந்து ஆபீஸில் அவனுக்கு ஆயா புருஷன் என்று பேர். ஹெட் கிளார்க் வேலை வேறு ஒருவனுக்குப் போனது. அவன் வீட்டுக்கு வந்து என்னை அடித்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கப் போவதில்லை. பாடத்தை நிறுத்துவான் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. இப்போது துரைசானிக்காக இல்லை, என்னை வதைப்பதற்காக. கெட் அப், சிட் டவுன், கெட் அப், சிட் டவுன். அவனுக்குக் கை வலிக்கும்வரை.

அதற்கப்புறம் திண்டிவனத்திலிருந்து தாண்டவராயன் வர ஆரம்பித்தார். வக்கீல் குமாஸ்தா, முன்பல் இரண்டும் தங்கம். வரும்போதெல்லாம் சோறு போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே தன் மகளைப் பற்றிப் பேசுவார்.

"எங்க ஜெயம் மிஷன் பள்ளிக்கூடத்துல படிக்குது மாப்ளே. இங்கிலீஷ்ல பாட்டே பாடும். தொரைசானி முன்னால நிறுத்துங்க, அப்புறம் பாருங்க."

மாப்பிள்ளையாம்! என் கையால் சோற்றை வாங்கிக்கொண்டே என் புருஷனை மாப்பிள்ளை என்கிறார். குழம்புச் சட்டியை அந்தத் தங்கப் பல்மேலேயே கவிழ்த்திருக்கவேண்டும். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்றேன்.

இரண்டாம் தாரம் கட்ட அப்போது எந்தத் தடையும் கிடையாது. தடையாக இருந்தது என் மாமியார்தான். அம்மாவைச் சரிக்கட்டலாம் என்று அவன் ஊருக்குப் போய்க் கிழவியைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் விஷயத்தைக் கேட்டதும் துடைப்பத்தை எடுத்துவிட்டாள்.

"எம்மருமவளுக்கு இன்னாடா கொறை? கலியாணமாகி ரெண்டு வருசம் கூட ஆவல. ஒரு கொறையும் இல்லாதவள ஊட்ட உட்டு அனுப்பினா கிளியனூருப் பஞ்சாயத்து நம்ம வாசல்ல வந்து குந்திக்கினு கேக்கும். இன்னான்னுடா பதில் சொல்லுவே?" என்றாள்.

கிழவி வந்த அன்றோடு ரூல்தடி பெட்டிக்குள் போய்விட்டது, என் வாயிலிருந்து மட்டும் பாடம் போகவில்லை. அவனுக்கு வேண்டியது ஒரு குறை. அதுதான் கேப்பை இடித்த அன்றைக்குக் கிடைத்தது. கிழவி என் முனகலைக் கேட்டதும் முறத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

"சுப்பராயலு, ஜல்தி வாடா! இவ இன்னாமோ தொரை பாஷை பேசறாடா! ரயில் ஷெட்டுல வெந்து செத்தானே ஒரு வெள்ளைக்கார டிரைவரு, அவன்தான்டா! தண்ணிக்குப் போறப்ப புடிச்சிட்டிருக்கான்!"

நான் சிரித்துவிட்டேன். "இல்லீங்க அத்தை, இது அவரு சொல்லிக் குடுத்தது" என்றேன்.

கிழவி அவனைப் பார்த்தாள். "நீயாடா சொல்லிக் குடுத்தே?" என்றாள்.

அவன் பொத்தானை விட்டுவிட்டு என்னையே பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். அவன் கண்ணுக்குப் பின்னால் ஏதோ ஓடுவது எனக்குத் தெரிந்தது. பிறகு மெதுவாகச் சொன்னான்.

"நான் இல்லம்மா. எனக்குத் தெரியாது. இது சுத்தமான இங்கிலீஷு. இவளுக்கு யாரு சொல்லிக் குடுத்திருப்பா?"

பேய் பிடித்தவள் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். என் சின்னம்மா ஒருத்தி அந்தப் பேரோடு புருஷன் வீட்டிலிருந்து கிளியனூருக்குத் திரும்பி வந்தாள். அவளுக்கு மாட்டுக் கொட்டகையில்தான் படுக்கை. சோற்றைத் தூரத்தில் வைத்துவிட்டு ஓடிவருவோம். நானும்தான் ஓடிவந்தேன். அவள் கையால் யாரும் தண்ணீர் வாங்கமாட்டார்கள், பிள்ளையைக் காட்டமாட்டார்கள். செத்தபோதும் கொட்டகையில்தான் கிடந்தாள். எனக்கும் அந்தக் கொட்டகையைத்தான் அவன் ஒரு வார்த்தையில் கட்டிவிட்டான். புருஷன் போனால் போகட்டும், அப்படிப்பட்டவன் இருந்து என்ன? அந்தப் பேரோடு மட்டும் நான் கிளியனூருக்குப் போகக்கூடாது.

எவ்வளவு சொல்லியும் கிழவி நம்பவில்லை. "பேயி அப்படித்தான் பேசும்டி கண்ணு, நீ பேசாம இரு" என்று என் தலையைத் தடவிக்கொடுத்தாள். பாவம், உண்மையாகவே அழுதாள்.

அமாவாசைக்கு மேல்மலையனூருக்குக் கிளம்பினோம். செஞ்சிவரை பஸ், அங்கிருந்து கட்டை வண்டி. கிளியனூரிலிருந்து என் நைனா பெரியதம்பியும் வந்திருந்தார். தாண்டவராயனும் வந்திருந்தார், கண்ணால் பார்த்துவிட்டுப் போக. கோயிலில் அங்காளம்மனைக் கும்பிட்டுவிட்டு ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே ஒரு புளியமரத்தடியில் சின்னக்கண்ணு என்று ஒரு பேயோட்டி உடுக்கையோடு உட்கார்ந்திருந்தான். கோயிலுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. அமாவாசைக்கு அமாவாசை கூட்டத்துக்கு வருகிற ஆள். மரத்தைப் பார்த்தேன். அடிமரம் முழுக்க ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் ஒரு கொத்துப் பெண்பிள்ளை முடி.

பேய் பிடித்தவளின் உச்சிமுடியைப் பிடித்து மரத்தில் வைத்து ஆணி அடிப்பார்கள். அடித்ததும் முடியை அறுத்து ஆளை விடுவிப்பார்கள். பேய் மரத்தோடு போய்விடும் என்பார்கள். ஆனால் அறுபட்ட உச்சியோடு ஊருக்குத் திரும்புகிறவளின் பேர் எந்த மரத்தோடும் போவதில்லை.

நல்ல வெயில். சனம் சுற்றி நின்றது. சின்னக்கண்ணு என்னை நடுவில் உட்காரவைத்து, தணலில் மிளகாய் வற்றலைப் போட்டான். உடுக்கை அடித்தான். எனக்குக் கண்ணும் மூக்கும் எரிந்து ஊற்றியது.

"யாரு நீ? பேரு சொல்லு! எங்கேருந்து வந்தே?"

"நான் அஞ்சம்மாதாங்க. அதோ நிக்கிறாரே, பெரியதம்பி, அவரு மவ. எம்மேல ஒண்ணும் ஏறலீங்க. இந்த வார்த்தையெல்லாம் எங்க ஊட்டுக்காரரு சொல்லிக் குடுத்தது. ரூல்தடியால அடிச்சிச் சொல்லிக் குடுத்தாரு. அவரையே கேளுங்க."

சின்னக்கண்ணு உடுக்கையை நிறுத்தினான். அவனை அதற்காகவாவது மெச்சவேண்டும். திரும்பி என் புருஷனைப் பார்த்துக் கேட்டான். "இன்னாப்பா, அந்தப் பொண்ணு சொல்றது நெசமா? நீ சொல்லிக் குடுத்தியா? சாமி எடத்துல பொய் சொல்லாதே."

சனம் முழுக்க அவனைப் பார்த்தது. நான் பார்த்தேன். ஒரு வார்த்தை. ஆமாம் என்று ஒரே ஒரு வார்த்தை. அவன் என்னைப் பார்க்கவில்லை, தாண்டவராயனைப் பார்த்தான். தாண்டவராயன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லீங்க. பொம்பளைக்கு நான் எதுக்குங்க இங்கிலீஷு சொல்லிக் குடுக்கப் போறேன்?" என்றான்.

சனத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். என் நைனா தரையைப் பார்த்தார். சாட்டை என் முதுகில் இறங்கியது.

"யாரு நீ?"

"அஞ்சம்மாங்க."

சாட்டை.

"யாரு நீ?"

"அஞ்சம்மாங்க! ஐயோ நைனா, நீயாச்சும் சொல்லு நைனா!"

நைனா சொல்லவில்லை. அழுதார், ஆனால் சொல்லவில்லை. சாட்டை விழ விழ எனக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. அஞ்சம்மாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அடி நிற்காது. இவர்களுக்கு அஞ்சம்மாள் வேண்டாம், துரைதான் வேண்டும். சரி, இந்தாங்கடா துரை.

நான் எழுந்து நின்றேன். முடியை உதறிவிட்டு, இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, தொண்டையைக் கனைத்தேன். ரயிலடியில் துரை பேசுவதை நான் கேட்காததா?

"ஸ்டாப்!" என்று கத்தினேன். சாட்டை மேலேயே நின்றது. "ஷட் அப்! சிட் டவுன்! ஆல் மேன் சிட் டவுன்!"

முதல் வரிசை பொத்தென்று உட்கார்ந்தது. புரிந்து உட்கார்ந்தார்களோ பயந்து உட்கார்ந்தார்களோ, உட்கார்ந்தார்கள். என் புருஷனும் உட்கார்ந்துவிட்டான். நான் அவன் பக்கம் திரும்பி விரலை நீட்டினேன்.

"சுப்பராயலு! ஸ்டாண்ட் அப்!"

அவன் எழுந்துவிட்டான். அவனுக்கே தெரியாமல் எழுந்துவிட்டான். கையைத் தொடையோடு ஒட்டவைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, ஆபீஸில் நிற்கிற மாதிரியே நின்றான். தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்தேனே, அதே மாதிரி. எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா!

சனம், "அடேயப்பா!" என்றது. சின்னக்கண்ணு நடுங்கிப்போய், "தொரை, உங்களுக்கு இன்னா வேணும்? சுருட்டா? பிராந்தியா? கோழியா? கேளுங்க, குடுத்துடறோம், இந்தப் பொண்ண உட்டுடுங்க" என்றான்.

துரை பேசுகிற தமிழிலேயே பதில் சொன்னேன். "நான் இந்தப் பொண்ணு மேலே இல்லே மேன். நான் அவன் மேலே. அவன் டெய்லி என்னைக் கூப்பிட்றான். சூரியன் வர்றதுக்கு முன்னே எழுந்து கூப்பிட்றான். ரூல்தடி வச்சு கூப்பிட்றான். இந்தப் பொண்ணு பக்கத்துலே நின்னுச்சு, காத்து பட்டுச்சு, அவ்ளோதான். எனக்குக் கோழி வாணாம். எனக்கு அவன்தான் வேணும்."

அத்தனை தலையும் அவன் பக்கம் திரும்பின. அவன் அப்போது ஒன்றும் பேசாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பான். பேசாமல் இருக்க அவனால் முடியாது என்று எனக்குத் தெரியும். முகம் சிவந்தது. கோபமும் பயமும் சேர்ந்து வந்தால் அவன் வாயில் எது வரும் என்று நான்தான் முதலிலேயே சொன்னேனே.

"ஷட் அப்! ஷட் அப்! கெட் அவுட்! கெட் அவே ஃபிரம் மீ! ஐ வோன்ட் புட் அப் வித் திஸ்! இஃப் யூ கேரி ஆன், ஐ வில் த்ரோ யூ அவுட்! கெட் அவுட்!"

என் மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "ஐயோ எம் புள்ளே! எம் புள்ள மேலதான்டா இருந்திருக்குது!" என்று அலறினாள். சின்னக்கண்ணு உடுக்கையை எடுத்தான். நான் மயக்கம் வந்தவள் மாதிரி மெதுவாகக் கீழே சரிந்தேன், அவனை நன்றாகப் பார்க்க முடிகிற பக்கமாக.

நாலு பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். "விடுங்கடா, நான் பத்தாவது பரீட்சை பாஸ் பண்ணவன்டா" என்று முதலில் தமிழில் சொல்லிப்பார்த்தான். மிளகாய்ப் புகை மூக்கில் ஏறியதும் தமிழ் போய்விட்டது. லெட் மீ கோ என்றான், ஒரு சாட்டை. கெட் ஆஃப் என்றான், ஒரு சாட்டை. எத்தனை வால் அவனுக்குத் தெரியுமோ அத்தனையும் வெளியே வந்தது, ஒவ்வொரு வாலுக்கும் ஒரு சாட்டை விழுந்தது. "பாரு பாரு, எப்படிப் பேசுது பாரு" என்று சனம் பிள்ளைகளைத் தூக்கிக் காட்டியது. அவன் கிராப்பு வெட்டியிருந்ததால் உச்சியில் பிடிமானம் கிடைக்கவில்லை. இரண்டு பேர் தலையை மரத்தோடு அழுத்திக்கொள்ள, கிடைத்த மயிரைத் தோலோடு இழுத்துப் பிடித்து ஆணி அடித்தார்கள். அறுத்தபோது ரத்தம் வந்தது. எனக்கு இரக்கம் வந்ததா என்று கேட்டீர்களானால், வரவில்லை.

தாண்டவராயன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டிகள் நிற்கிற பக்கமாக நடந்தார். "பேயி புடிச்சவனுக்கா எம் பொண்ணக் குடுப்பேன்?" என்று போகிறபோது யாரிடமோ சொன்னாராம். அவரை அப்புறம் விழுப்புரத்தில் யாரும் பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்தில் வழக்கம், ஆண்பிள்ளைமேல் ஏறினால் தொடர்ந்து மூன்று அமாவாசை கொண்டுபோய் ஓட்டவேண்டும். மூன்றும் முடியும்வரை வாசல்படி தாண்டவிடக்கூடாது. கிழவி அவன் கையில் மஞ்சள் கயிறு கட்டி, நடுவீட்டில் தூணோரம் உட்காரவைத்து, தானும் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் வேப்பிலைக் கொத்து. அவன் வாயில் ஓர் இங்கிலீஷ் வார்த்தை வந்தால் போதும், வேப்பிலையால் விளாசிவிட்டு வாயில் சாம்பலைப் போடுவாள். போட்டுவிட்டு அழுவாள். அவள் பெற்ற பிள்ளை இல்லையா?

"நான்தாம்மா அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். டீக்காகச் சொல்லிக் குடுத்தேன். உன் காலைத் தொட்டுச் சொல்றேன்" என்று அவன் கெஞ்சுவான்.

"சாமி எடத்துல இல்லேன்னு சத்தியமா சொன்னது எம் புள்ள. இப்பப் பேசறது நீ" என்பாள் கிழவி.

இரண்டாவது அமாவாசையிலும் சாட்டை விழுந்தது. திரும்பி வந்தபோது அவன் பாதி ஆளாக இருந்தான். அந்தச் சமயத்தில்தான் பக்கத்து மேஜைக்காரன் வந்து வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான். லீவு முடிந்துவிட்டதாம். திங்கட்கிழமை காலையில் வந்து நிற்காவிட்டால் பேரை அடித்துவிட்டு வேறு ஆளைப் போடப்போகிறார் துரை. மூன்றாவது அமாவாசைக்கு இன்னும் நாள் இருந்தது.

அவன் அதைக் கேட்டுத் தூணில் தலையை மோதிக்கொண்டு அழுதான். தமிழிலேயே அழுதான். அந்த அழுகை கிழவிக்கு என்னவோ செய்துவிட்டது. வேப்பிலையைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தாள். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்து நடுவீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்து அவன் முன்னால் நிறுத்தினாள்.

"அஞ்சம்மா, நீ எனக்குப் பொறந்த பொண்ணு மாதிரி. பேயி சொல்றத நான் நம்ப மாட்டேன். நீ சொன்னா நம்புவேன். உண்மையச் சொல்லிடு கண்ணு. இவன் வேலை பூடும் போலக்கீது. அந்த வார்த்தையெல்லாம் உனக்கு எம் புள்ளதான் சொல்லிக் குடுத்தானா?"

அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். உச்சியில் புண் இன்னும் ஆறவில்லை. வாய் கோணிக்கொண்டு, சொல்லு, சொல்லு என்று கண்ணாலேயே கெஞ்சினான். நானும் அவனைப் பார்த்தேன். பொத்தானை விட்டுவிட்டு அவன் என்னை எவ்வளவு நேரம் பார்த்தானோ அவ்வளவு நேரம் பார்த்தேன்.

"இல்லீங்க அத்தை. எனக்கு ஒண்ணும் தெரியாது. பொம்பளைக்கு அவரு எதுக்குங்க இங்கிலீஷு சொல்லிக் குடுக்கப் போறாரு?" என்றேன்.

அவன் வாயைத் திறந்தான். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். கிழவிக்கும் தெரியும். அவள் குனிந்து வேப்பிலையை எடுத்தாள். நான் சோறு குழையுமே என்று அடுப்படிக்குப் போனேன்.